பழைய டெஸ்டரில் ரேடியோ வால்வுகளைச் சோதிப்பது எப்படி? குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வீட்டுப் பரணிலோ ஆக்கர் கடையிலோ கிடைத்த வால்வு ரேடியோவைப் பேசவைக்க முனைகிறவர்கள் முதலில் கேட்பது, "வால்வு போய்விட்டதா?" என்றுதான். அதற்கு விடை சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது மிகக் குறைவு. வால்வு டெஸ்டர் என்ற கருவி கையில் கிடைத்தாலும் அது பெரும்பாலும் நம்மைவிட வயதில் மூத்ததாக இருக்கும். நான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் திணறியதற்கு முக்கியக் காரணம், இருக்கிற கையேடுகள் எல்லாம் சீரான மின்சாரமும் வறண்ட காற்றும் உள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதே. கடலோர உப்புக்காற்றும், ஆண்டுக்கு இரண்டு பருவமழையும், மாலையில் இறங்கும் மின்னழுத்தமும் உள்ள நம் பக்கத்தில் எந்த இடத்தில் அந்தக் கையேடுகள் காலை வாரிவிடும் என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வால்வைச் சோதிப்பதற்கு முன் டெஸ்டரைச் சோதிக்க வேண்டும். டெஸ்டர் ஒரு முடிவைச் சொன்ன பிறகும் ரேடியோவில் வைத்து அளந்து அதை உறுதிசெய்ய வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் குப்பைக்குப் போன நல்ல வால்வுகள் ஏராளம்.

1. வால்வின் எண்ணைப் படியுங்கள், காகிதங்களைச் சேகரியுங்கள்

கண்ணாடியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் மிக எளிதில் அழியக்கூடியது. ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ ஒருமுறை துடைத்தால் போதும், எண் போய்விடும். அதன்பின் அது என்ன வால்வு என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆகவே துடைப்பதற்கு முன்பே எண்ணைப் படம் எடுத்து, ஒரு சிறு காகிதச் சீட்டில் எழுதி, நூலால் வால்வில் கட்டிவிடுங்கள். எண் ஏற்கெனவே மங்கியிருந்தால் கண்ணாடியின்மேல் வாயால் ஆவி ஊதி, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல வேளைகளில் எழுத்துகள் சில நொடிகள் தெரியும்.

நம் ஊர் வீடுகளில் இருந்த மர்பி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி. செட்டுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய முறையில் எண்ணிட்ட வால்வுகளே இருக்கும். முதல் எழுத்து ஹீட்டரை (வால்வுக்குள் சூடேறும் இழையை) குறிக்கிறது: 'ஈ' என்றால் 6.3 வோல்ட், 'யூ' என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு, 'டி' என்றால் 1.4 வோல்ட் பேட்டரி வால்வு. அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பதைச் சொல்கின்றன: 'பி' இரட்டை டையோடு, 'சி' டிரையோடு, 'எஃப்' பென்டோடு, 'எச்' ஹெக்ஸோடு அல்லது ஹெப்டோடு, 'எல்' அவுட்புட் பென்டோடு, 'எம்' மேஜிக் ஐ, 'ஒய்' அரை அலை ரெக்டிஃபையர், 'இசட்' முழு அலை ரெக்டிஃபையர். எண் 8-இல் தொடங்கினால் ஒன்பது பின் கொண்ட சிறு வால்வு, 9-இல் தொடங்கினால் ஏழு பின், 3-இல் தொடங்கினால் எட்டுப் பின் கொண்ட ஆக்டல். இந்தக் கணக்கில் ஈ.சி.எச்.81, ஈ.பி.எஃப்.89, ஈ.எல்.84, ஈ.இசட்.80 ஆகியவற்றைப் பார்த்தவுடனே அவற்றின் வேலை விளங்கிவிடும். 6வி6, 5ஒய்3 போன்ற அமெரிக்க எண்களில் முதல் இலக்கமே ஹீட்டர் வோல்ட்டை ஏறக்குறையச் சொல்லிவிடும். 6 என்பது 6.3, 12 என்பது 12.6.

அடுத்து, கையில் இருக்க வேண்டிய காகிதங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட், டெஸ்டரின் கையேடு, அதே மாடலுக்கு உரிய செட்டிங் புத்தகம், ரேடியோவின் சர்க்யூட் படம். முதலிரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சடிக்கும் செலவுதான். செட்டிங் புத்தகத்தில் மட்டும் கவனம் தேவை. ஒரு மாடலின் செட்டிங் எண்கள் இன்னொரு மாடலுக்குப் பொருந்தா; ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த மாடல்களுக்கு இடையேகூட மாறும். ரேடியோ சர்க்யூட் கிடைக்காவிட்டால் பெட்டியின் உட்புறத்தைப் பாருங்கள், சில செட்டுகளில் வால்வுகளின் இடத்தைக் காட்டும் தாள் ஒட்டப்பட்டிருக்கும்.

2. எந்த டெஸ்டர், எங்கே வாங்குவது

பழைய டெஸ்டர்கள் இரண்டு வகை. முதலாவது எமிஷன் டெஸ்டர்: எல்லாக் கிரிட்களையும் (எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைகள்) ஆனோடோடு (எலெக்ட்ரானை வாங்கும் தகடு) சேர்த்து வால்வை ஒரு டையோடாக ஆக்கி, கேத்தோடு எவ்வளவு எலெக்ட்ரான் விடுகிறது என்று பார்க்கும். இரண்டாவது, கிரிட் வோல்ட்டை மாற்றினால் ஆனோடு மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் மியூச்சுவல் கண்டக்டன்ஸ் டெஸ்டர். இதைச் சுருக்கமாக ஜி.எம். டெஸ்டர் என்பார்கள். பிரிட்டனின் ஆவோ வால்வு கேரக்டரிஸ்டிக் மீட்டரும், அமெரிக்காவின் ஹிக்காக், டி.வி.-7 ஆகியவையும் இரண்டாம் வகை. ரெக்டிஃபையர்களுக்கு எமிஷன் டெஸ்டரே போதும். மற்ற வால்வுகளில் அது நல்லதைக் கெட்டதென்றும் கெட்டதை நல்லதென்றும் சொல்லக்கூடியது. ஆனாலும் விலை குறைவாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஷார்ட் பார்ப்பதற்கே அது உதவும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஆவோ. அதன் உருளைச் சுவிட்சில் ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் எண் வைக்கிறோம்: 0 இணைப்பில்லை, 1 கேத்தோடு, 2-உம் 3-உம் ஹீட்டர், 4 கிரிட், 5 ஸ்கிரீன் (இரண்டாம் கிரிட்), 6 ஆனோடு. ஈ.எல்.84-இன் டேட்டா ஷீட்டைப் பார்த்தால் 2-ஆம் பின் கிரிட், 3 கேத்தோடு, 4-உம் 5-உம் ஹீட்டர், 7 ஆனோடு, 9 ஸ்கிரீன். ஆகவே சுவிட்சில் வைக்க வேண்டியது 041 230 605. புத்தகம் இல்லாமலே டேட்டா ஷீட்டிலிருந்து இப்படிச் செட்டிங்கை உருவாக்கிக்கொள்ள முடிவது பெரிய வசதி. ஹிக்காக் வகையில் இது எளிதன்று; அதன் ரோல் சார்ட் (செட்டிங் எண்கள் அச்சிட்ட சுருள் தாள்) கிழிந்துபோயிருந்தால் அதே மாடலின் சார்ட்டைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

அமெரிக்க டெஸ்டர்கள் 115 வோல்ட்டுக்கானவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் ஒரு நொடியில் முடிந்தது கதை. 60 சைக்கிளுக்காகச் செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 சைக்கிளில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும் என்பதால் இடைவெளி விட்டுப் பயன்படுத்துங்கள். மேலும் ஹிக்காக் மாடல்கள் பலவற்றிலும் டி.வி.-7-இலும் 83 என்ற ரெக்டிஃபையர் வால்வு உண்டு. அதற்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, பெருக்கவும் கூடாது; சன்னலைத் திறந்துவிட்டு, துளிகளைக் காகித அட்டையால் கூட்டி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் எடுக்க வேண்டும். விமானத் தபாலில் பாதரசம் அனுப்பத் தடை உள்ளதால், இந்த வால்வோடு டெஸ்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சிக்கல்.

வெளிநாட்டில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: கூரியர் வழியாக வரும் பொருளுக்கு ஆதார், பான் போன்ற அடையாள ஆவணமும், விற்றவரின் இன்வாய்சும், பணம் செலுத்தியதற்கான சான்றும் கேட்கப்படும். சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டுமன்றி அனுப்புசெலவையும் சேர்த்த தொகைக்கே கணக்கிடப்படுகிறது. டெஸ்டர் கனமான பொருள். அனுப்புசெலவு அதன் விலையை எட்டிவிடுவது உண்டு, அதன்மேல் வரியும் ஏறும். இன்வாய்சில் 'பழைய மின் கருவி' என்று மொட்டையாக எழுதினால் கேள்விகள் எழும். மின் அளவைக் கருவிகளுக்கான சுங்கத் தலைப்பு 9030, வால்வுகளுக்கு 8540; இந்த எண்களை விற்பவரிடம் சொல்லி எழுதவையுங்கள்.

உள்நாட்டில் சென்னை ரிச்சி தெருவும் திருவனந்தபுரம் சாலை பஜாரும் உதிரிப் பாகங்களுக்கு நல்ல இடங்கள். டெஸ்டர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பணம் கொடுக்கும் முன் மீட்டரின் முள் தடையின்றி அசைகிறதா, சாக்கெட்டுகள் முழுமையாக உள்ளனவா, செட்டிங் புத்தகம் உண்டா என்ற மூன்றையும் படத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். முள் ஒட்டிக்கொண்ட மீட்டரைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. சென்னையில் வாங்கினால் பார்சலில் போடாமல் கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் கையோடு கொண்டுவருவதே நல்லது.

3. கைக்கு முன் உயிர்

வால்வு டெஸ்டரிலும் ரேடியோவிலும் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கம்பிகளில் பற்றவைத்து, அதை வைத்தே டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் அடிப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், அதைப் பின்பற்றாதீர்கள்.

'யூ' வரிசை வால்வுகள் உள்ள ஏ.சி./டி.சி. செட்டுகளில் மின்கம்பியின் ஒரு முனை நேரடியாகச் சேசிசோடு (உள்ளே உள்ள உலோகச் சட்டம்) சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பை அறுத்து மின்சாரம் தருவது) இல்லாமல் இந்தச் செட்டுகளைத் திறக்கவே கூடாது. ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவரிடம் 230-க்கு 230, 250 வி.ஏ. என்று சொன்னால் செய்துகொடுப்பார். சில ஆயிரம் ரூபாய் ஆகும், தயங்க வேண்டாம். ஆனால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வேலை செய்யும்போது வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் தானே அணையும் சுவிட்ச்) உங்களைக் காப்பாற்றாது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அளக்கும் பழக்கமும், காலில் ரப்பர் செருப்பும், ஈரமில்லாத தரையும்தான் காவல்.

4. டெஸ்டரைச் சோதியுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. வாங்கிய டெஸ்டரை அன்றைக்கே பிளக்கில் செருகாதீர்கள். பின்பலகையைத் திறந்து, ரப்பர் இன்சுலேஷன் பொடிந்த மின்கம்பியை மாற்றி, எர்த் உள்ள மூன்று கம்பி வயரைப் போடுங்கள். மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் டேப்பிங் 230 அல்லது 240-இல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துச் சுவிட்ச் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக நின்றால் மேலே போகலாம். பல்பு தொடரில் இருக்கும்போது எந்த அளவையும் எடுக்க வேண்டாம், எல்லாமே குறைவாகத்தான் காட்டும்.

அடுத்து, வால்வு இல்லாமல் சாக்கெட்டின் ஹீட்டர் பின்களில் ஏ.சி. வோல்ட்டை அளந்து பாருங்கள். 6.3 என்று வைத்த இடத்தில், லோடு இல்லாததால் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், அது இயல்பு. 4 அல்லது 9 என்று காட்டினால் சுவிட்சின் தொடுமுனைகளில் அழுக்கு அல்லது தவறான இணைப்பு. ஆவோவில் ஒரு விசித்திரம் உண்டு: அது ஆனோடுக்கு டி.சி. கொடுப்பதில்லை, மாறுமின்னழுத்தத்தையே கொடுத்து வால்வையே ரெக்டிஃபையராக வேலை செய்யவைக்கிறது. கிரிட் வோல்ட்டும் அரை அலையாகவே வருவதால், உங்கள் டி.சி. மீட்டரில் அது குமிழில் குறித்ததில் ஏறத்தாழப் பாதியாகவே தெரியும். இது பழுதன்று. இதைத் 'திருத்தி' டெஸ்டரைக் கெடுத்தவர்கள் உண்டு.

இனி நம் ஊருக்கே உரிய பிரச்சினை. சாக்கெட்டில் வால்வு இல்லாதபோது லீக் சோதனை முடிவிலியைக் காட்ட வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில், அதிலும் ஜூனில் தென்மேற்குப் பருவமும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமும் தொடங்கிய பின்னர், காலிச் சாக்கெட்டே சில மெகஓம் லீக் காட்டும். பேக்கலைட்டின் மேல் படிந்த உப்பும் ஈரமும் சேர்ந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு சாக்கெட்டையும் சுத்தம் செய்து, பெட்டியைத் திறந்துவைத்துக் குண்டு பல்பின் சூட்டில் அரை நாள் உலர்த்துங்கள். காலிச் சாக்கெட் முடிவிலி காட்டும்வரை எந்த வால்வையும் குறைசொல்ல வேண்டாம். முடிந்தால் இந்த வேலையை பிப்ரவரி, மார்ச் போன்ற காய்ந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தமும் அப்படித்தான். ஊரே விளக்குப் போடும் மாலை நேரத்தில் எடுத்த அளவு காலையில் பொருந்தாது. டெஸ்டரில் உள்ள மின்சார சரிசெய்யும் குமிழை ஒவ்வொரு வால்வுக்கும், ஹீட்டர் சூடான பிறகு, மீண்டும் வைக்க வேண்டும். ரிலே வகை ஸ்டெபிலைசரை இடையில் போடாதீர்கள். 'டக்' என்ற சத்தத்தோடு அது தாவும்போது முள்ளும் தாவும். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சிறிய வேரியாக் ஒன்று இருந்தால் நிம்மதி.

கடைசியாக, நிச்சயமாக நல்லது என்று தெரிந்த ஒரு வால்வு வேண்டும். ஈ.எல்.84, ஈ.சி.சி.83 ஆகிய இரண்டும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் தயவால் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. ஒரு புதிய ஈ.எல்.84-ஐ வாங்கி, அதை ரேடியோவில் போடாமல், டெஸ்டரைச் சரிபார்ப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது காட்டும் அளவை டெஸ்டரின் மூடியில் ஒட்டிவையுங்கள். எந்த நாளில் அந்த எண் மாறுகிறதோ, அன்றைக்குத் தவறு டெஸ்டரிலோ மின்சாரத்திலோ இருக்கிறது.

5. வால்வைக் கண்ணாலும் மல்டிமீட்டராலும் பாருங்கள்

கண்ணாடியின் உச்சியிலோ பக்கத்திலோ கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப்பூச்சு இருக்கும்; அதன் பெயர் கெட்டர். அது வெள்ளிபோல் அல்லது சற்றுக் கறுத்து இருந்தால் வெற்றிடம் இருக்கிறது. பால்போல் வெளுத்துவிட்டால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வை டெஸ்டரில் செருகவே வேண்டாம்.

பின்களில் பச்சையாகவோ சாம்பல் நிறத்திலோ படிவு இருந்தால் மெல்லிய உப்புத்தாளைக் கையால் பிடித்து ஒவ்வொரு பின்னாக மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் பின் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் கீறல் விழும். வளைந்த பின்னை நிமிர்த்தும்போதும் இதே எச்சரிக்கை. நம் பகுதியில் 'போய்விட்டது' என்று ஒதுக்கிய வால்வுகளில் பல, இந்தச் சுத்தத்திலேயே உயிர்பெறுவதைப் பார்க்கலாம்.

பிறகு ஹீட்டர். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஹீட்டர் பின்களை அளந்து பாருங்கள். ஈ.எல்.84-இன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் இழுக்கும். சூட்டில் அதன் தடை 8 ஓமுக்குச் சற்று மேல். குளிர்ந்த நிலையில் அதில் சிறு பங்குதான் காட்டும் என்பதால் ஓர் ஓம் பக்கமாக வந்தால் ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். பழைய முள் மீட்டரின் குறைந்த ஓம் ரேஞ்சைப் பேட்டரி வால்வுகளில் பயன்படுத்தாதீர்கள், டி.எஃப்.96 போன்றவற்றின் இழை 25 மில்லி ஆம்பியருக்கானது, மீட்டர் தரும் மின்னோட்டமே அதைக் கருக்கிவிடலாம்.

6. ஷார்ட்டும் லீக்கும்

ஹீட்டர் வோல்ட்டை வைத்துவிட்டுப் பிறகுதான் வால்வைச் செருக வேண்டும். இந்த வரிசை மாறினால், முந்தைய வால்வுக்கு வைத்த 6.3 வோல்ட் 1.4 வோல்ட் வால்வின் இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எரித்துவிடும். 'யூ' வரிசையில் ஹீட்டர் வோல்ட் ஒவ்வொன்றுக்கும் வேறு: யூ.சி.எச்.81-க்கு 19, யூ.எல்.84-க்கு 45, யூ.ஒய்.85-க்கு 38.

முதலில் குளிர்ந்த நிலையிலும், பின் இரண்டு மூன்று நிமிடம் சூடான பிறகும் ஷார்ட் பாருங்கள். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையிலான லீக் சூட்டில்தான் வெளிப்படும். சூடாக இருக்கும்போது பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். முள் துள்ளினால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. உள்ளேயே இணைக்கப்பட்ட பின்களை ஷார்ட் என்று எண்ணிவிடாதீர்கள். ஈ.எல்.84-இல் மூன்றாம் கிரிட் கேத்தோடோடு சேர்ந்தது. 5ஒய்3-இல் ஃபிலமென்டே கேத்தோடு.

ஹீட்டர்–கேத்தோடு லீக் ஒரு மெகஓமுக்குக் கீழே போனால் ஒதுக்கிவிடலாம். கண்ட்ரோல் கிரிட் விஷயத்தில் இன்னும் கறார் வேண்டும். 250 வோல்ட் ஸ்கிரீனிலிருந்து கிரிட்டுக்கு 20 மெகஓம் லீக் இருந்தால், அது பெரிய தடையாகத்தான் தோன்றும். ஆனால் 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அது ஐந்து வோல்ட்டுக்கு மேல் எழுப்பிவிடும், 7.3 வோல்ட் பயாசை (கிரிட்டின் மைனஸ் வோல்ட்) நம்பியிருக்கும் ஈ.எல்.84-க்கு அதுவே வினை.

7. எமிஷனும் ஜி.எம்.மும்

ஈ.எல்.84-க்கு டேட்டா ஷீட் சொல்வது: ஆனோடு 250, ஸ்கிரீன் 250, கிரிட் மைனஸ் 7.3 வோல்ட், அப்போது ஆனோடு மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர், ஜி.எம். 11.3. கிரிட் குமிழை முதலில் மிக அதிக மைனசில் வைத்துவிட்டு, மெல்ல 7.3-க்குக் கொண்டுவாருங்கள். இங்கே ஆனோடு அதன் எல்லையான 12 வாட்டிலேயே நிற்கிறது. கிரிட் வோல்ட் விட்டுப்போனால் உலோகத் தகடு சிவந்துவிடும்.

ஜி.எம். 8-க்கு மேல் வந்தால் நல்ல வால்வு, 5.5-க்கு, அதாவது பாதிக்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டியதுதான். இடையில் உள்ளவற்றை ரேடியோவில் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரணமாகப் பேசும் வீட்டு ரேடியோவுக்கு, டேட்டா ஷீட் அளவில் அறுபது விழுக்காடு காட்டும் வால்வே ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

பல பத்தாண்டுகள் பெட்டியிலேயே கிடந்த வால்வு முதல் நிமிடத்தில் சோர்வாகக் காட்டினால் அரைமணி நேரம் ஓடவிட்டு மீண்டும் பாருங்கள், அளவு ஏறுவது உண்டு. மாறாக, நல்ல அளவில் தொடங்கிய மின்னோட்டம் பத்து நிமிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே வாயுவோ கிரிட் எமிஷனோ (கிரிட்டே எலெக்ட்ரான் விடுவது) இருக்கிறது. அதை ரேடியோவில் போட வேண்டாம்.

இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும். ஈ.சி.சி.83-இன் ஹீட்டர் 4, 5 பின்களுக்கு இடையே 12.6 வோல்ட்டுக்கானது, 6.3-இல் சோதிப்பதாக இருந்தால் 4-ஐயும் 5-ஐயும் ஒன்றாகச் சேர்த்து, அந்த இணைப்புக்கும் 9-ஆம் பின்னுக்கும் இடையே 6.3 கொடுக்க வேண்டும். வெறும் 4, 5-இல் 6.3 கொடுத்தால் பாதிச் சூட்டில் வால்வு செத்ததுபோல் காட்டும். இரண்டாவது, ஜி.எம். அதிகமுள்ள ஈ.எல்.84 போன்றவை டெஸ்டரின் நீண்ட கம்பிகளோடு சேர்ந்து தாமே ஆசிலேட் ஆகலாம் (அலைவு உண்டாக்கலாம்); கைவிரலைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுசெல்லும்போது முள் மாறினால் அதுதான் காரணம். கிரிட், ஆனோடு கம்பிகளில் சிறு ஃபெரைட் மணிகளைக் கோத்தால் அடங்கும்.

மேஜிக் ஐ-யை டெஸ்டரில் பார்ப்பது வீண் வேலை. அதன் பச்சை ஒளி மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபாஸ்ஃபர் தேய்ந்துபோனது. எமிஷன் நன்றாகவே இருக்கும்.

8. ரேடியோவிலேயே அளப்பது

டெஸ்டர் இல்லாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். இருப்பவர்களுக்கு இதுவே இறுதிச் சோதனை. 10 மெகஓம் உள்தடை உள்ள சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும். பழைய முள் மீட்டர் கிரிட் சர்க்யூட்டை இழுத்துத் தவறான எண்ணைக் காட்டும்.

அவுட்புட் வால்விலிருந்து தொடங்குங்கள். ஈ.எல்.84-இன் 3-ஆம் பின்னிலிருந்து சேசிசுக்குப் போகும் கேத்தோடு ரெசிஸ்டரின் இரு முனைகளில் வோல்ட்டை அளந்து, ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் வால்வு இழுக்கும் மொத்த மின்னோட்டம் கிடைக்கும். 135 ஓமில் 7.2 வோல்ட் என்றால் 53 மில்லி ஆம்பியர் சொச்சம். ஆனோடும் ஸ்கிரீனும் சேர்ந்த சரியான அளவு. உங்கள் செட்டில் ரெசிஸ்டர் வேறாக இருக்கலாம், சர்க்யூட் படத்தோடு ஒப்பிடுங்கள். வகுப்பதற்கு முன், செட்டை அணைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டு ரெசிஸ்டரை அளந்துகொள்வது முக்கியம். வயதான ரெசிஸ்டர்கள் தம்மேல் எழுதிய மதிப்பில் இருப்பதில்லை.

மின்னோட்டம் குறைவு, ஹெச்.டி. வோல்ட் (ஆனோடுகளுக்குப் போகும் உயர் டி.சி.) சரியாக இருக்கிறது என்றால் வால்வு தேய்ந்திருக்கலாம். மின்னோட்டம் அதிகம் என்றால் உடனே வால்வைக் குற்றம் சொல்லாமல் 2-ஆம் பின்னை, அதாவது கிரிட்டை, அளந்து பாருங்கள். அங்கே சுழிதான் வர வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் பிளஸ் காட்டினால் காரணம் இரண்டில் ஒன்று: முன்னால் உள்ள கப்ளிங் கண்டன்சர் லீக், அல்லது வால்வுக்குள் கிரிட் எமிஷன். எது என்று பிரித்தறிய, செட்டை அணைத்து வால்வைக் கழற்றிவிட்டு, வால்வு இல்லாமலே செட்டின் சுவிட்சை மீண்டும் போட்டு, சாக்கெட்டில் அதே பின்னை அளந்து பாருங்கள். பிளஸ் வோல்ட் அப்படியே இருந்தால் கண்டன்சர், மறைந்துவிட்டால் வால்வு. மெழுகு வழிந்த பழைய காகிதக் கண்டன்சர் உள்ள செட்டுகளில் பெரும்பாலும் கண்டன்சரே மாட்டும். சில ரூபாய்ப் பொருள், 630 வோல்ட் தரத்தில் போடுங்கள். இதைச் செய்யாமல் புது வால்வைப் போட்டால் அதுவும் சில மாதங்களில் போய்விடும்.

இந்தச் சோதனையில் மூன்று எச்சரிக்கைகள். அவுட்புட் வால்வு இல்லாதபோது ஹெச்.டி. ஏறும், பழைய ஃபில்டர் கண்டன்சர் தாங்காமல் போகலாம். சில நொடிகளில் அளவை எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். 'யூ' வரிசைச் செட்டில் ஒரு வால்வைக் கழற்றினால் ஹீட்டர் தொடர் அறுந்து எல்லாமே அணைந்துவிடும் என்பதால், அங்கே கண்டன்சரின் ஒரு முனையைச் சால்டர் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, வால்வு வேலை செய்யும்போது ஸ்பீக்கரைக் கழற்றவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்கிரீனுக்கும் ஆபத்து.

ஈ.சி.எச்.81 டெஸ்டரில் பச்சை காட்டிவிட்டு, ரேடியோவில் சிற்றலையில் ஊமையாகிவிடும். அதன் டிரையோடு ஆசிலேட் ஆகிறதா என்பதே கேள்வி. ஆசிலேட்டர் கிரிட்டில் மீட்டரின் முனைக்கு முன் ஒரு மெகஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து அளந்தால், நல்ல வால்வில் சில வோல்ட் மைனஸ் தெரியும். டயலைத் திருப்பும்போது ஏதோ ஓர் இடத்தில் அது சுழிக்கு விழுந்தால், அங்கேதான் நிலையங்களும் மறைகின்றன. அப்போது இன்னொரு ஈ.சி.எச்.81-ஐ மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஈ.இசட்.80-இல் 1, 7 என்ற இரு ஆனோடுகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு பாதி மட்டும் செத்திருந்தால் ஹெச்.டி. குறைந்து, ஹம் (ஸ்பீக்கரில் வரும் ரீங்காரம்) கூடும். ஹெச்.டி. குறைவுக்கு ஃபில்டர் கண்டன்சரும் காரணமாகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

9. நேரம், பதிவு, பாதுகாப்பாக வைப்பது

ஐந்து வால்வு செட் ஒன்றுக்கு, டெஸ்டர் தயாராக இருந்தால், சூடேறும் நேரத்தையும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். டெஸ்டரையே தயார்செய்ய ஒரு வாரம்கூட ஆகலாம். உலர்த்துவதை அவசரப்படுத்த முடியாது. பணத்தைச் செலவிடும் வரிசை என்று கேட்டால், முதலில் மல்டிமீட்டர், அடுத்து ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், பிறகு கண்டன்சர்கள், அதன்பின் டெஸ்டர். ஒரே ஒரு குடும்ப ரேடியோவைச் சரிசெய்ய மட்டும் டெஸ்டர் வாங்குவது வீண் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் அந்தச் செட்டுக்கு ஒரு முழு மாற்று வால்வுத் தொகுதியே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு வால்வுக்கும் சீட்டில் எண், தேதி, ஆனோடு மின்னோட்டம், ஜி.எம்., லீக், எந்த டெஸ்டர் என்பதை எழுதுங்கள். 'நல்லது' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு அது உங்களுக்கே புரியாது. விற்பவரிடம் வாங்கும்போதும் இதே எண்களைக் கேளுங்கள். "டெஸ்ட் செய்தது" என்ற சொல்லுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

சோதித்த வால்வுகளைப் பின்கள் ஒன்றோடொன்று உரசாதபடி அட்டைக் குழாய்களில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஜெல்லை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பின்களில் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டாம். தூசியும் உப்பும் அதில் ஒட்டிக்கொண்டு, அடுத்த ஆனியில் அதுவே புதிய லீக்காக டெஸ்டரில் தெரியும்.